எட்டு ஆட்டுக்குச் சினை ஊசி, பிடித்தது ஒன்றுதான்: விந்தா, கையா, நேரமா?

பட்டிக்காரி (கேள்வி)

வணக்கம். என்னிடம் 22 பெட்டை ஆடுகள் இருக்கின்றன. மூன்று வருடம் ஒரே பொலிகிடாவை வைத்துச் சேர்த்தேன். பட்டியில் பாதி அதன் மகள்களாகிவிட்டதால் கிடாவை விற்றுவிட்டேன். அப்பனும் மகளும் சேர்ந்து குட்டி சவலையாகப் பிறந்ததை ஒரு முறை பார்த்தாயிற்று, இன்னொரு முறை பார்க்க மனசில்லை. இன்னொரு கிடா வாங்குவதற்குப் பதில் உறைவிந்து ஊசி போட்டுப் பார்ப்போம் என்று இறங்கினேன்.

முதல் நான்கு ஆட்டுக்கு, மாட்டுக்கு ஊசி போட்டுப் பழகிய ஒருவர் வந்து போட்டார். பிறப்புறுப்பை விரித்து உள்ளே பார்க்கும் குழல் இல்லாமல் கைமதிப்பில் போடப் பார்த்தார். குழலையும் டார்ச்சையும் நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அடுத்த நான்கை, பயிற்சிக்குப் போய்வந்து நானே போட்டேன். நோட்டில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்.

செவலை, மூன்றாம் ஈத்து. காலை 6 மணிக்கு வாலை ஆட்டிக்கொண்டு கத்தினாள். 7 மணிக்கு ஊசி. பருவத்தில் பிறப்புறுப்பில் வரும் வழும்பு கண்ணாடி மாதிரி சுத்தம். 20ஆம் நாள் மறுபடி கத்தினாள், அதாவது சினை பிடிக்கவில்லை.

கருங்காதி, இரண்டாம் ஈத்து. மாலை 5 மணிக்குப் பார்த்தேன். ஊசிக்காரர் வேறு வேலை என்று வரவில்லை. மறுநாள் காலை 9 மணிக்குத்தான் வந்தார். வழும்பு கலங்கலாக இருந்தது, கெட்டுப்போய்விட்டதோ என்று பயந்தேன். 40ஆம் நாள் ஸ்கேனில் இரட்டைக் குட்டி!

புள்ளி, கன்னிப் பெட்டை, முதல் பருவம். பார்த்த உடனே ஊசி. ஆறே நாளில் திரும்பக் கத்தினாள்.

மொட்டை, கொம்பே இல்லாத பெட்டை, ஒன்றரை வயது. இதுவரை சினையே பிடித்ததில்லை. குழல் பாதியில் முட்டி நின்றுவிட்டது. அவர் ஏதோ போட்டார், என்ன போட்டாரோ.

பெரியவள். இவளிலிருந்து என் கை. ஊசி போட்டு இன்றைக்கு 55 நாள், மறுபடி கத்தவில்லை. ஸ்கேன் வண்டி வந்த அன்று 18 நாள்தான் ஆகியிருந்தது, அதனால் பார்க்கவில்லை. வயிறு மட்டும் பெரிதாகிறது.

கடைசி மூன்று பேருக்கும் காலையில் பார்த்து, கை கழுவி, உடனே போட்டேன். 21, 21, 22 நாளில் வரிசையாகத் திரும்பிவிட்டார்கள்.

விந்து சரியில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. கொடுத்தவர்களிடம் கேட்டால் "உங்கள் கை சரியில்லை" என்கிறார்கள். யார் சொல்வது சரி?

கொம்பன்

கிடா வாங்குங்கள். அதற்கு நோட்டும் வேண்டாம், டார்ச்சும் வேண்டாம்.

பட்டிக்காரி

அந்தக் கிடாவுக்கும் மூன்று வருடத்தில் மகள்கள் வருவார்களே? அப்புறம் அதையும் விற்க வேண்டும். அதோடு, பட்டியில் கிடா நின்றால் கறக்கிற பாலில் ஏறும் வாடை உங்களுக்குத் தெரியாததா!

பழைய ஊசிக்காரன்

அம்மா, பதிலை நோட்டிலேயே எழுதி வைத்துவிட்டு எங்களிடம் கேட்கிறீர்கள். கருங்காதிக்கு மட்டும் ஏன் பிடித்தது? அவளுக்கு மட்டும்தான் தாமதமாகப் போட்டீர்கள். ஊசிக்காரர் வரவில்லை என்று அன்றைக்குத் திட்டியிருப்பீர்கள். அவர் வராமல் போனதால்தான் உங்களுக்கு இரட்டைக் குட்டி.

ஆடு கத்துகிறது என்றால் கருமுட்டை தயார் என்று அர்த்தமில்லை. பருவம் ஒரு நாளிலிருந்து இரண்டு நாள்வரை ஓடும். முட்டை வெளியே வருவது அதன் கடைசிப் பகுதியில், பருவம் தொடங்கி ஏறக்குறைய 24 மணியிலிருந்து 36 மணிக்குள். கிடாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். அது விடிய விடிய ஏறிக்கொண்டே இருக்கும், எந்த நேரத்தில் முட்டை வந்தாலும் அங்கே புது விந்து இருக்கும். உறைந்து உருகிய உயிரணுவுக்கு அந்த ஆயுள் கிடையாது. உள்ளே போய் அரை நாள் தாக்குப்பிடித்தாலே அதிகம். நீங்கள் காலை 7 மணிக்குப் போட்டது, முட்டை வருவதற்குள் செத்துப்போயிருக்கும்.

காலையில் பார்த்தால் மாலை, மாலையில் பார்த்தால் மறுநாள் காலை என்று மாட்டுக்குச் சொல்வார்கள். ஆட்டுக்கும் அதை வைத்துக்கொள்ளலாம், ஆனால் முழுசாக நம்ப முடியாது. காலை 6 மணிக்கு நீங்கள் பார்த்தீர்கள், சரி, அது தொடங்கியது எப்போது? முந்தின இரவு பதினோரு மணிக்கே தொடங்கியிருக்கலாம். கிடா இல்லாத பட்டியில் பெட்டைகள் சத்தமே காட்டாமல் இருந்துவிடும். அதனால் நான் கடிகாரத்தைவிட வழும்பைத்தான் நம்புவேன்.

குழலை வைத்து டார்ச் அடித்தால் கீழே தேங்கி நிற்பது தெரியும். பருவம் தொடங்கும்போது தெளிந்த கண்ணாடி, இழுத்தால் நூலாக வரும். நேரம் போகப் போக, தண்ணீரில் சொட்டுப் பால் விட்டது போலக் கலங்கும். முடியும் தறுவாயில் வெள்ளையாகி, திரிந்த பால் மாதிரி திப்பி திப்பியாக நிற்கும். கலங்கல் கெட்டிப்படத் தொடங்கும் இடம்தான் உங்களுடைய நேரம். கண்ணாடியாக இருந்தால் குழலை எடுத்துவிட்டு, ஆட்டைக் கட்டிப்போட்டு, ஏழெட்டு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். உறைவிந்து இருக்கும் நைட்ரஜன் கேனைத் திறக்கவே வேண்டாம். எத்தனை பேர் விந்து அடைத்த குச்சியை உருக்கிக் கையில் வைத்துக்கொண்டு, அப்புறம் குழலுக்குள் பார்க்கிறார்கள் தெரியுமா? நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

இனி கை. மாட்டுக்குப் பின்னால் கையை விட்டுக் கருப்பை வாயைப் பிடித்துக்கொண்டு ஊசி போடலாம். ஆட்டில் கை நுழையாது, அதனால் மாட்டுக்காரர் கை ஆட்டில் திணறும். கருப்பை வாய்க்குள் வளையம் வளையமாக மடிப்புகள் இருக்கும். கன்னின், அதாவது விந்துக் குச்சியை ஏற்றி உள்ளே விடும் நீளக் கம்பியின், முனையை லேசாகச் சுழற்றிக்கொண்டே ஒவ்வொன்றாகத் தாண்ட வேண்டும். ஒவ்வொரு வளையம் தாண்டும்போதும் விரலில் ஒரு சின்ன 'கிளுக்' தெரியும். எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்க, இன்னொரு கன்னை அதே குழல் வழியாகக் கருப்பை வாயில் முட்டும்வரை விடுங்கள். இரண்டின் பின்முனைகளுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம்தான் உள்ளே போன நீளம். 3, 4 செ.மீ. போயிருந்தால் நல்லது. கடைசி வளையம் தாண்டியதும் நிறுத்திவிட்டு, ஐந்து எண்ணும்வரை மெதுவாகத் தள்ளுங்கள். போகவில்லை என்றால் விட்டுவிடுங்கள், முட்டித் தள்ளாதீர்கள். கிழிந்து ரத்தம் வந்தால் அந்தப் பருவம் வீண். போன இடத்திலேயே விட்டாலும் வாய்ப்பு குறையுமே தவிர, இல்லாமல் போகாது. கன்னிப் பெட்டைக்கு இது பல நேரம் உள்ளே போகாது, அதனால் பழகுவதற்கு ஈன்ற ஆட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

பின்கால்களை ஒருவர் தூக்கிப் பிடிக்க வேண்டும், அல்லது ஆட்டின் பின்பக்கத்தை ஒரு கட்டையின் மேல் சாய்த்து உயர்த்த வேண்டும். பிடித்திருப்பவர் சிரித்துப் பேசிக்கொண்டு நின்றால் ஆடு துள்ளும், கன் வெளியே வந்துவிடும். என் மைத்துனனை இதற்காகவே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்.

விந்தைக் குறை சொல்வதற்கு முன் உருக்கும் தண்ணீரைப் பாருங்கள். 37 டிகிரி, 30 வினாடி. குச்சியைத் துடைத்து முழுக்கக் காயவைத்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும், ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போனாலும் உயிரணு சுருண்டுவிடும். இன்னொன்று, இதில் நானே ஒரு வருடம் ஏமாந்தேன். தண்ணீர் சரியாக 37 இருக்கும், ஆனால் கன் இரும்பு, பனிக்காலக் காலையில் ஐஸ் மாதிரி இருக்கும். வெதுவெதுப்பான குச்சியை அதில் ஏற்றினால் அந்த நொடியே குளிர் தாக்கும். இப்போது கன்னைச் சட்டைக்குள் முதுகோடு ஒட்டிச் செருகிக்கொண்டுதான் பட்டிக்குள் நுழைவேன். பார்ப்பவர்கள் வாள் வைத்திருக்கிறான் என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

விந்திலும் ஒரு விஷயம் கேட்டு வாங்குங்கள். மாட்டுக் குச்சியில் 20 மில்லியன் உயிரணு இருந்தால் போதும். ஆட்டுக்குக் கருப்பை வாயில் போட 100 முதல் 200 மில்லியன் வேண்டும். குச்சியில் எத்தனை, உருகிய பின் எத்தனை சதவீதம் நீந்துகிறது என்று கேட்டால் நல்லவர்கள் சொல்லிவிடுவார்கள். இரண்டாவது கேள்விக்கு மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் உறைவிந்தில் பத்துக்கு ஐந்து, ஆறு பிடித்தால் நல்ல கை என்றுதான் சொல்வேன். பத்துக்குப் பத்து எதிர்பார்த்தால் இந்த வேலையில் மனசு விட்டுப்போகும்.

பட்டிக்காரி

ஐயா, படித்துவிட்டு நோட்டை எடுத்து மறுபடி பார்த்தேன். ஏழு பேருக்கும் 'சுத்தமான வழும்பு' என்று பெருமையாக எழுதி வைத்திருக்கிறேன். தலையில் அடித்துக்கொண்டேன். கிடா இல்லாமல் பருவத்தைச் சீக்கிரமே கண்டுபிடிக்க ஏதாவது வழி உண்டா?

பழைய ஊசிக்காரன்

தெரிந்தவர் வீட்டுக் கிடாவின் தலையில், கொம்புக்குப் பின்பக்கம், ஒரு பழைய துணியை அழுத்தித் தேயுங்கள். வாடைச் சுரப்பி அங்கேதான் இருக்கிறது. துணியைக் கண்ணாடி ஜாடியில் போட்டு இறுக்கி மூடுங்கள். காலையும் மாலையும் ஜாடியைத் திறந்து ஒவ்வொரு பெட்டையின் மூக்கருகில் காட்டுங்கள். பருவத்தில் இருப்பவள் ஜாடியை விட்டு நகர மாட்டாள், வால் நிற்காமல் ஆடும். மற்றவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாள். ஜாடியை வீட்டுக்குள் மட்டும் கொண்டுபோகாதீர்கள்.

மருந்துப்பை (கால்நடை மருத்துவர்)

நேரத்தைப் பற்றி மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். மீதி மூன்று ஆடுகளைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் அந்த மூன்றிலும் உங்கள் கை மீது பழி இல்லை.

புள்ளி ஆறு நாளில் திரும்பியது குறுகிய சுற்று. முதல் பருவத்திலும், நீண்ட ஓய்வுக்குப் பிறகு சுற்று தொடங்கும்போதும் இப்படி வரும். முட்டை வெளிவந்த இடத்தில் உருவாகும் மஞ்சள் திசு வலுவில்லாமல் 5, 7 நாளில் கரைந்துவிடும், ஆடு மறுபடி பருவத்துக்கு வரும். அந்த முதல் பருவத்தில் ஊசி வீண். இரண்டாவதில் போடுங்கள்.

மொட்டையின் வாலைத் தூக்கிப் பாருங்கள். பிறப்புறுப்பின் கீழ்முனையில் பட்டாணி அளவுக்குத் தடிப்பாக ஏதாவது துருத்திக்கொண்டிருக்கிறதா? ஆசனவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் இடையிலான தூரம் மற்ற பெட்டைகளைவிட அதிகமாக இருக்கிறதா? இருந்தால் அவள் பெட்டையாகவே வளரவில்லை. கொம்பில்லாத தன்மையைத் தரும் மரபணு தாய், தந்தை இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தால், பெட்டையாகப் பிறக்க வேண்டியது ஆணும் பெண்ணும் கலந்த உடலோடு பிறக்கும். குழல் பாதியில் முட்டியதற்கும் அதுதான் காரணமாக இருக்கலாம். விற்ற கிடாவுக்குக் கொம்பு இருந்ததா? கொம்பில்லாத பெட்டைக்கு எப்போதும் கொம்புள்ள கிடாவின் விந்தையே தேர்ந்தெடுங்கள், இந்தச் சிக்கல் வராது.

பெரியவளைத்தான் நான் அவசரமாகப் பார்க்கச் சொல்வேன். மறுபடி கத்தவில்லை என்பது சினைக்குச் சான்றில்லை. ஆடுகளில் பொய்ச்சினை சகஜம்: மஞ்சள் திசு கரையாமல் நின்றுவிடும், கருப்பையில் குட்டியே இல்லாமல் தண்ணீர் மட்டும் சேரும், வயிறும் உப்பும். 150 நாள் காத்திருந்தால் ஒரு நாள் காலையில் வாலெல்லாம் நனைந்திருக்கும், குட்டி இருக்காது. 55 நாளில் ஸ்கேனில் குட்டி தெரியாமல் போகாது, அதனால் உடனே பாருங்கள்.

பொய்ச்சினை என்றால் புரோஸ்டாகிளாண்டின் ஊசி அந்தத் திசுவைக் கரைத்துத் தண்ணீரை வெளியேற்றும். ஆனால் ஸ்கேன் பார்க்காமல் அதைப் போடக் கூடாது. ஆட்டின் சினை முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை அந்தத் திசுவை நம்பித்தான் நிற்கிறது. நிஜச் சினைக்கு எந்த மாதத்தில் போட்டாலும் குட்டி கலைந்துவிடும். மருந்து தோலில் பட்டாலே உடம்பில் ஏறும், அதனால் கர்ப்பமாக இருப்பவர்களும் ஆஸ்துமா உள்ளவர்களும் அந்தக் குப்பியைத் தொடவே வேண்டாம்.

விந்துப்புட்டி

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். பக்கத்துப் பண்ணையில் நல்ல கிடா இருக்கிறது. விந்தைப் பிடித்து, முட்டை மஞ்சள் கரு கலந்து, குளிர்வித்து அன்றைக்கே நாலைந்து ஆட்டுக்குப் போடலாமா? மாட்டுக்கு அப்படித்தான் செய்வார்கள் என்று கேள்விப்பட்டேன்.

பழைய ஊசிக்காரன்

மாட்டுக்குச் செய்வதை ஆட்டுக்கு அப்படியே செய்தால் மாட்டிக்கொள்வீர்கள். கிடாவின் விந்துநீரில், உள்ளே இருக்கும் ஒரு சுரப்பியிலிருந்து வரும் நொதி இருக்கிறது. அது மஞ்சள் கருவில் உள்ள கொழுப்பை உடைத்து உயிரணுவுக்கு விஷமாக்கிவிடும், கலவையும் திரிந்து கட்டியாகும். பாலைச் சேர்த்தாலும் கிட்டத்தட்ட இதே கதைதான். காளையின் விந்தில் இந்தத் தொல்லை இல்லை. அதனால்தான் ஆய்வகங்களில் பலர் ஆட்டு விந்தை முதலில் கழுவுகிறார்கள், அதாவது சுழற்றி விந்துநீரைப் பிரித்துக் கொட்டிவிட்டுப் பிறகு கரைசலில் கலக்கிறார்கள். கழுவவில்லை என்றால் மஞ்சள் கருவை மிகக் கொஞ்சமாகத்தான் சேர்ப்பார்கள்.

உறைவிந்துக் கதையே கோழியில்தான் திருப்பம் கண்டது. 1949இல் கிறிஸ்டோபர் போல்ஜும் கூட்டாளிகளும் கோழி விந்தில் கிளிசரால் சேர்த்தால் உறைந்த பின்னும் உயிர் இருப்பதைக் கண்டார்கள். அங்கிருந்து மாட்டுக்கு வேகமாக ஓடியது. ஆடு மட்டும் இந்த நொதியால் பின்தங்கி நின்றது.

பக்கத்திலேயே கிடா இருக்கிறது என்றால், கிடா நோயில்லாதது என்று பார்த்துவிட்டு, பெட்டையைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிடுங்கள். கொம்பன் சொன்னது இந்த இடத்தில் சரி.

கொம்பன்

நன்றி ஐயா.

விந்துப்புட்டி

சரி ஐயா. பஞ்சு வைத்து ஒரே நாளில் எல்லாரையும் பருவத்துக்குக் கொண்டுவரலாம் என்கிறார்களே, அது?

மருந்துப்பை

முடியும். புரோஜெஸ்ட்டிரோன் வகை மருந்து ஏற்றிய பஞ்சை 11 நாள் பெட்டையின் பிறப்புறுப்புக்குள் வைத்து, எடுப்பதற்கு 48 மணி நேரம் முன்பு இசிஜி என்ற ஹார்மோனும் புரோஸ்டாகிளாண்டினும் போடுவார்கள். பஞ்சை எடுத்து 43 முதல் 46 மணி நேரத்தில், யார் கத்துகிறார்கள் என்று பார்க்காமல் எல்லாருக்கும் ஊசி. பருவம் கண்டுபிடிக்கும் தலைவலி போய்விடும். ஆனால் அதே ஆட்டுக்கு வருடா வருடம் இசிஜி போட்டால் உடம்பு அதற்கு எதிர்ப்பு வளர்த்துக்கொள்ளும். பருவம் தள்ளிப் போய், 43 மணி நேரத்தில் போட்ட ஊசி சீக்கிரமாகப் போட்டதாகிவிடும். 22 ஆடுகளை வைத்திருப்பவருக்கு ஜாடியும் நோட்டும் போதும். இருநூறு ஆடு இருந்தால் பஞ்சைப் பற்றிப் பேசலாம்.

பட்டிக்காரி (ஆறு வாரம் கழித்து)

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

பெரியவளுக்கு ஸ்கேன் பார்த்தார்கள். திரையில் ஒரே கருப்பு, அதற்குள் மெல்லிய கோடுகள் அலைந்தன, குட்டி இல்லை. டாக்டர் சொன்னதுதான். மருத்துவர் வந்து ஊசி போட்டார். இரண்டாம் நாள் காலையில் போனால் வாலும் பின்கால்களும் சொட்டச் சொட்ட நனைந்து நின்றாள், வயிறு வற்றிப்போயிருந்தது. பார்க்கப் பாவமாக இருந்தது. தெரியாமல் இருந்திருந்தால் ஐந்து மாதம் சினை ஆடு என்று தனித் தீனி போட்டிருப்பேன்.

மொட்டைக்கு அந்தத் தடிப்பு இருக்கிறது. இத்தனை நாள் வாலைத் தூக்கிப் பார்த்ததே இல்லை. விற்ற கிடாவும் கொம்பில்லாததுதான். "முட்டாது, பிள்ளைகளுக்கு நல்லது" என்று நானே தேடி வாங்கினேன்.

ஜாடி வந்துவிட்டது. செவலை அதில் மூக்கை விட்டு எடுக்கவே இல்லை, அவளிடமிருந்து ஜாடியைப் பிடுங்க வேண்டியிருந்தது. மாலை 6 மணிக்குப் பார்த்தேன், கண்ணாடி. இரவு 11 மணிக்கும் கண்ணாடி. மறுநாள் காலை 8 மணிக்குக் கலங்கல் கெட்டியாகிக்கொண்டிருந்தது, கேனைத் திறந்தேன். தங்கை பின்கால்களைப் பிடித்தாள், வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன். மூன்று 'கிளுக்' எண்ணினேன், நான்காவது தாண்டவில்லை, அங்கேயே விட்டுவிட்டேன். வித்தியாசம் அளந்தால் இரண்டரை செ.மீ. இன்றைக்கு 26ஆம் நாள், கத்தவில்லை. ஸ்கேன் பார்க்காமல் எதையும் சொல்ல மாட்டேன், டாக்டர் திட்டுவார்.

ஒரு சந்தேகம் மட்டும். நேற்று ஜாடியைக் காட்டினால் யாருமே திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கே வாடை குறைந்த மாதிரி இருக்கிறது. துணியை எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

பழைய ஊசிக்காரன்

நான் வாரத்துக்கு ஒருமுறை மாற்றுவேன். ஆனால் உங்கள் மூக்கை நம்பாதீர்கள் அம்மா, அது பழகிப்போயிருக்கும். பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்து முகரச் சொல்லுங்கள்.